வடுவும் ஊசியும்: வரலாற்றுப் புனைவிலும் மிகுபுனைவிலும் போர்க்காயமும் பண்டை மருத்துவமும்

ஆய்வுச்சுருக்கம்

போரை மையமாகக் கொண்ட புனைவுகளில் காயம் எவ்வாறு எழுதப்படுகிறது, அதற்குப் பண்டை மருத்துவச் சான்றுகள் எந்த அளவு பயன்கொள்ளப்படுகின்றன என்பதைக் கல்கியின் பொன்னியின் செல்வன் புதினத்தை முதன்மைத் தரவாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சங்கப் பாடல்கள், சோழர் காலக் கல்வெட்டு, சுசுருத சம்ஹிதை ஆகியன துணைச் சான்றுகளாகவும், டோல்கீன், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் ஆகியோரின் மிகுபுனைவுகள் ஒப்பீட்டிற்காகவும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. காயத்தின் நம்பகத்தன்மை குருதியின் வருணனையில் இல்லை, காயம்பட்ட பின் கழியும் நாள்களின் சித்திரிப்பிலேயே உள்ளது என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: விழுப்புண், வடு, ஆதுலர் சாலை, சல்லியக் கிரியை, வரலாற்றுப் புனைவு, மிகுபுனைவு

முன்னுரை

வரலாற்றுப் புனைவில் ஆயுதம், ஆடை, கோட்டை, நாணயம் ஆகியவை காலத்திற்குப் பொருந்துகின்றனவா என்று வாசகரும் திறனாய்வாளரும் நுணுகிப் பார்ப்பதுண்டு. வாள்பட்டு வீழ்ந்தவன் எத்தனை நாளில் எழுந்தான், அவனுக்கு யார் மருந்திட்டார், எதைக் கொண்டு கட்டினார் என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. நாயகன் ஓர் இயலில் வெட்டுப்படுவதும் அடுத்த இயலில் குதிரையேறுவதும் இவ்வகைப் புனைவின் வழக்கமாகவே ஏற்கப்பட்டுவிட்டன. இதைச் சான்றின்மையால் நேர்ந்த குறை எனக் கொள்ள இயலாது. தமிழில் போர்க்காயத்தைப் பற்றிய சான்றுகள் பழமையானவை, துல்லியமானவை. அவை இருந்தும் புனைவுக்குள் வராமல் போனதற்குரிய காரணத்தைக் காயத்தைக் குறித்த ஒரு மதிப்பீட்டில் தேட வேண்டியுள்ளது.

எண்ணப்படும் புண்கள்

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்தது. அப்புதினத்தில் பெரிய பழுவேட்டரையர் அறுபத்து நான்கு விழுப்புண்களைத் தாங்கியவராக அறிமுகமாகிறார். விசயாலய சோழனுக்குத் தொண்ணூற்றாறு. பின்னைய எண் கல்கியின் கற்பனையன்று. ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழன் உலா சோழர் மரபைப் பாடுமிடத்தில் விசயாலயனின் புண்களை இதே எண்ணிக்கையில் குறிக்கிறது. உலா என்பது புகழ்ச்சி இலக்கியம். அங்குப் புண் என்பது உடலின் சேதமாகப் பேசப்படுவதில்லை, அரசனின் பட்டங்களுள் ஒன்றாகவே பேசப்படுகிறது. கல்கி அந்த எண்ணை எடுத்துக்கொண்டபோது அதன் பொருளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். பெரிய பழுவேட்டரையரின் அறுபத்து நான்கு புண்கள் எந்தப் போரில், உடலின் எப்பகுதியில் ஏற்பட்டவை, முதுமையில் அவற்றுள் எது வலிக்கிறது என்பன புதினத்தின் அக்கறைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

வடு என்பது ஆறிய புண். ஒருவரின் மேனியில் அறுபத்து நான்கு வடுக்கள் உள்ளன எனில் அவர் அறுபத்து நான்கு முறை சீழ்பிடிக்காமல் தப்பியிருக்கிறார், அல்லது சீழ்பிடித்தும் பிழைத்திருக்கிறார். அத்தனை முறையும் யாரோ புண்ணைக் கழுவிக் கட்டியிருக்கிறார். எண்ணிக்கை வீரனுடையதாகவும் உழைப்பு பெயரற்றதாகவும் நின்றுவிடுவதே இந்தக் கணக்கின் சிக்கல். திருப்புறம்பியப் போர்க்களத்தில் கால்கள் செயலிழந்த விசயாலயன் வீரர் தோளில் ஏறி இரு வாள்களைச் சுழற்றிய காட்சி புதினத்தின் மிகச் சிறந்த வீரச் சித்திரங்களுள் ஒன்று. அக்கால்களை அதுவரை பேணியவர் எவரும் அச்சித்திரத்தில் இல்லை.

கந்தமாறனின் முதுகு

புதினத்தில் ஒரு காயம் மட்டும் கதையை நெடுந்தொலைவு நகர்த்துகிறது. தஞ்சைச் சுரங்கவழியருகே கந்தமாறன் முதுகில் குத்தப்படுகிறான். வந்தியத்தேவன் அவனைத் தூக்கிச் சென்று சேந்தன் அமுதன் வீட்டில் சேர்க்கிறான். குத்தியவன் வந்தியத்தேவனே என்று கந்தமாறன் நம்புகிறான். பின்னர்ப் பழுவேட்டரையர் அரண்மனையில் நந்தினியின் பராமரிப்பில் அவன் தேறுகிறான்.

இக்காயத்தைக் கல்கி முதுகில் வைத்தது தற்செயல் அன்று. சங்க மரபில் மார்பில் ஏற்ற புண்ணும் முதுகில் விழுந்த புண்ணும் எதிரெதிர் மதிப்புடையவை. வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பை ஊடுருவி முதுகிலும் புண்ணுண்டாக்கியதால் நாணிய சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்தான் என்பதைப் புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் உணர்த்துகின்றன. முதுகுக் காயம் பெற்ற கந்தமாறனும் அவமானத்தையும் ஐயத்தையும் சுமக்கிறான். நண்பன் துரோகியாகத் தோன்றுவதற்கு வேறெந்த இடத்துக் காயமும் இத்துணைப் பொருந்தியிராது. மரபறிவு இங்குக் கதைக்கு நன்கு உதவியுள்ளது.

மருத்துவ அறிவு அவ்வாறு உதவவில்லை. கத்தி தசையோடு நின்றதா, நுரையீரலைத் தொட்டதா என்பது புதினத்தில் தெளிவாவதில்லை. முன்னதாயின் நெடுநாள் படுக்கை மிகை. பின்னதாயின் அவன் பிழைத்ததே வியப்பு. சுசுருத சம்ஹிதை வெளிக்காயங்களை ஆறு வகையாகப் பிரிக்கிறது. வெட்டும் குத்தும் நசுங்கலும் உராய்வும் அங்கு வெவ்வேறு சிகிச்சைக்குரியவை. உயிர்நிலைகளாகிய மர்மங்கள் நூற்றேழு என்றும் அது கணக்கிடுகிறது. இந்நூலறிவு பழையாறை வைத்தியருக்கு இருந்திருக்கக்கூடியதே. ஆயினும் கந்தமாறனின் படுக்கையருகே நிகழ்வது சிகிச்சையன்று, மயக்கம். நந்தினியின் பணிவிடை அவனை அவள்பால் ஈர்ப்பதற்கான உத்தியாகவே அமைகிறது. நோயாளியைப் பேணும் செயல் புதினத்தில் இத்துணை விரிவாக வருமிடத்தில் அது சூழ்ச்சியின் மறுபெயராக நிற்பது கவனத்திற்குரியது.

காய்ச்சலுக்கு உள்ள காலம்

கல்கிக்கு உடலின் துன்பத்தை எழுதத் தெரியாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. அருள்மொழிவர்மனின் குளிர்காய்ச்சல் அதற்கு நேர்ச் சான்று. கடலில் நனைந்து கோடிக்கரை சேர்ந்தவனுக்குக் காய்ச்சல் காண்கிறது. நினைவு தவறுகிறது. பூங்குழலியும் சேந்தன் அமுதனும் அவனைக் கால்வாய் வழியே படகில் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்திற்குக் கொண்டு சேர்க்கின்றனர். பிக்குகள் பேணுகின்றனர். நோய்க்கு ஒரு தொடக்கமும் முற்றலும் தணிதலும் உண்டு, அதற்கேற்ப நாள்கள் கழிகின்றன. சுந்தர சோழரின் கால்முடக்கமும் அவ்வாறே. நாட்டின் அரசியலே அவரது படுக்கையைச் சுற்றி நிகழ்கிறது. மூலிகை தேடிச் செல்வதென்ற சாக்கில் வைத்தியரின் மகன் பினாகபாணியோடு வந்தியத்தேவன் கோடிக்கரைக்கு அனுப்பப்படுவதும் இந்நோயின் பெயராலேயே.

நோய்க்குக் காலம் உண்டு, காயத்திற்கு இல்லை என்பதே கல்கியிடம் காணும் முறை. சிவகாமியின் சபதத்தில் மகேந்திரவர்மர் நாகநந்தியின் கத்தியால் தாக்குண்டு நெடுநாள் நலிகிறார். விதிவிலக்காகத் தோன்றும் இவ்விடத்திலும் கத்தி நஞ்சு தோய்ந்தது. புண் நாள்படுவதற்கு நஞ்சு என்ற காரணம் தேவைப்பட்டிருக்கிறது. சீழும் காய்ச்சலும் சாதாரண வாள்வெட்டுக்கே போதுமானவை என்ற எண்ணம் எழவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முந்தைய உலகில், களத்தில் உடனே மடியாதவனின் பெரும்பகை சீழே.

ஊசி, பஞ்சு, வேம்பு

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடும் பரணர், வீரர் மார்பில் வெட்டுக்காயத்தைத் தைக்கும் நீண்ட வெள்ளூசியைக் குளத்தில் மூழ்கி மீனோடு எழும் சிச்சிலிப் பறவைக்கு ஒப்பிடுகிறார் (பாடல் 42). ஊசி தசைக்குள் இறங்கி ஈரத்தோடு வெளிப்படும் அசைவைக் கண்ணால் கண்டவரன்றி எவரும் இவ்வுவமையை அமைத்திருக்க இயலாது. அதே பாடல் அம்மார்பின் வடுக்களையும் பேசுகிறது. வடுவைப் பாடியவர் ஊசியை மறைக்கவில்லை என்பதே இங்கு முதன்மையானது. உலாவில் எண்ணாகச் சுருங்கிய புண், பரணரிடம் இன்னும் தைக்கப்படும் தசையாகவே இருக்கிறது.

புறநானூற்றின் 353ஆம் பாடலில் புண்ணின்மேல் வைத்த பஞ்சு இன்னும் களையப்படாத வீரர் வருகின்றனர். நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாசறையில் அரசன் காயமுற்றோரைப் பார்த்து வருகிறான். 281ஆம் புறப்பாடலோ முழுக்க முழுக்கப் பேணுவோரின் பாட்டு. இரவமும் வேம்பும் வீட்டில் செருகி, யாழ் இசைத்து, மையிட்டு, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிக் காயமுற்றவனைக் காக்கப் பெண்ணொருத்தி தோழியரை அழைக்கிறாள். இவற்றுள் எது மருந்து, எது சடங்கு என்று இன்றைய அறிவு பிரிக்க முற்படும். அப்பெண்ணுக்கு அப்பிரிவு இல்லை. வேம்பும் புகையும் பூச்சிகளைத் தடுக்கும், இசையும் மணியும் உறக்கமின்றிக் காவலிருப்போரை விழிப்பாக வைக்கும் என்று பயன்நோக்கில் விளக்கிவிடலாம். ஆனால் புனைவெழுத்தாளருக்கு அவ்விளக்கத்தைவிட அவளது அச்சமே பயன்படும். இத்தனையும் செய்வது, செய்தும் அவன் பிழைப்பானா என்று தெரியாததால்தான்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தின் கூறுகளை நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என நான்காக வகுக்கிறார். உழைச்செல்வான் என்பவர் அருகிருந்து பேணுபவர். அர்த்தசாத்திரமும் போரணிக்குப் பின்னே கருவி, மருந்து, எண்ணெய், துணி ஆகியவற்றோடு மருத்துவரும், உணவும் நீரும் ஏந்திய பெண்களும் நிற்க வேண்டும் என்கிறது. வரலாற்றுப் புனைவுகளின் போர்க்களங்களில் இந்தப் பின்னணி வரிசை ஏறத்தாழக் காணப்படுவதே இல்லை.

திருமுக்கூடல் கல்வெட்டு

சோழர் காலத்தை எழுதுவோர்க்கு இதைவிட நெருங்கிய சான்றும் உண்டு. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு (11ஆம் நூற்றாண்டு) கோயிலோடு இணைந்த ஆதுலர் சாலை ஒன்றை விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்சுவோர் இருவர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதர், நீர் கொணர்பவர் என ஊழியர் வரிசையும் அவர்களுக்குரிய ஊதியமும் அதில் உள்ளன. ஓராண்டுக்குச் சேமிக்க வேண்டிய மருந்துகளின் பெயர்ப்பட்டியலும் உண்டு. மருத்துவருக்குரிய நெல்லைவிடச் சல்லியக் கிரியை செய்பவருக்குரியது குறைவு. அறுவைச் சிகிச்சை அன்று பெற்றிருந்த மதிப்பை ஊகிக்க இந்த வேறுபாடு இடமளிக்கிறது.

இது கோயிலையும் அதைச் சார்ந்த கல்விச்சாலையையும் சேர்ந்தோர்க்கான மருத்துவமனை, படைமருத்துவமனை அன்று என்பதையும் மறந்துவிடலாகாது. இக்கல்வெட்டு எபிகிராபியா இண்டிகாவில் 1930களிலேயே பதிப்பிக்கப்பட்டுவிட்டது. பொன்னியின் செல்வனில் குந்தவை ஆதுரசாலை நிறுவுவதில் ஈடுபாடுடையவளாகவே படைக்கப்பட்டுள்ளாள். தஞ்சையில் சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கு அவள் அளித்த கொடைக்குக் கல்வெட்டு ஆதாரமும் உண்டு. எனவே நிறுவனம் புதினத்திற்குள் வந்துவிட்டது. அதில் வேலைசெய்த பெண்கள் இருவர் வரவில்லை.

மிகுபுனைவிலிருந்து கொள்வதும் கொள்ளாததும்

கற்பனை உலகில் நிகழும் மிகுபுனைவுக்கு மருத்துவ நம்பகத்தன்மை எதற்கு என்று கேட்கப்படலாம். மார்ட்டினின் எ கேம் ஆஃப் த்ரோன்ஸ் (1996) இதற்கு நல்ல விடை. கால் துரோகோவின் மார்பில் பட்ட வெட்டு உயிர்க்கொல்லியன்று. மருத்துவச்சி அதைக் கழுவித் தைத்துப் பற்றிடுகிறாள். எரிச்சல் தாங்காத துரோகோ பற்றைப் பிய்த்தெறிந்து மண்பூச்சு இட்டுக்கொள்கிறான். புண் அழுகுகிறது, வெல்லற்கரிய தலைவன் குதிரையிலிருந்து விழுகிறான், அவனது பெருங்கூட்டம் சிதறுகிறது. டிராகன்கள் உள்ள உலகில் ஒரு பேரரசுக் கனவைச் சிதைப்பது சீழ்தான். பொன்னியின் செல்வன் தொடர் நிறைவுற்ற அதே 1954இல் வெளிவரத் தொடங்கிய டோல்கீனின் தி லார்டு ஆஃப் த ரிங்ஸில் ஃப்ரோடோவின் தோட்காயம், பட்ட நாளின் ஆண்டு நிறைவுதோறும் அவனை வருத்துகிறது. காயத்தின் தோற்றம் மாயம், ஆனால் அதன் நீடிப்பு மெய். 1916இல் சோம் போர்முனையிலிருந்து பதுங்குகுழிக் காய்ச்சலோடு திரும்பியவர் அதை எழுதினார்.

இவ்விரு ஆசிரியரிடமிருந்தும் தமிழ் எழுத்தாளர் கொள்ளத்தக்கது காலம், மருந்துப்பெட்டி அன்று. மார்ட்டினின் மாந்தர் வலிக்கு அருந்தும் 'கசகசாப் பால்' அபினின் புனைபெயர். அபின் ஆயுர்வேத நூல்களுள் இடம்பெறுவது சோழர் எழுச்சிக் காலத்திற்குப் பின்தோன்றிய சார்ங்கதர சம்ஹிதை போன்றவற்றில்தான். பத்தாம் நூற்றாண்டுத் தஞ்சையில் காயமுற்றவனுக்கு அதைப் புகட்டுவது காலவழு. சுசுருதம் அறுவைக்கு முன் மதுவைப் பரிந்துரைக்கிறது, அது போதும். சித்தர் பெயரில் வழங்கும் நூல்கள் பலவற்றின் இன்றைய மொழிநடை பிற்காலத்தது. அவற்றின் பாதரச மருந்துகளைச் சங்ககாலப் பாசறையில் வைப்பதும் அத்தகைய வழுவே. மிளகாயும் புகையிலையும் கடல்கடந்து பின்னர் வந்தவை என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆயினும் அவை அவ்வப்போது பழந்தமிழ் வைத்தியரின் கையில் தென்பட்டுவிடுகின்றன.

பொன்னியின் செல்வனுக்குள்ளேயே இன்னொரு வழி திறந்திருந்தது. காயமுற்றுக் கிடந்த வீரபாண்டியனை ஒரு குடிசையில் நந்தினி பேணுகிறாள். அவள் மன்றாடியும் ஆதித்த கரிகாலன் அவனைக் கொல்கிறான். ஐந்து பாகங்களில் விரியும் பழிவாங்கலின் வேர் இந்தக் குடிசையில் உள்ளது. புதினத்தில் பேணுபவரின் நோக்கிலிருந்து காயம் பொருள்பெறக்கூடிய ஒரே இடமும் இதுவே. ஆனால் அந்நிகழ்ச்சி கரிகாலனின் குற்றவுணர்வாக, அவன் வாய்மொழியாகவே விரிவாகச் சொல்லப்படுகிறது. அவன் வருவதற்கு முந்தைய நாள்களில் நந்தினி அப்புண்ணை எதைக் கொண்டு கழுவினாள், எதைக் கொண்டு கட்டினாள், அவன் பிழைத்துவிடுவான் என்று எப்போது நம்பத் தொடங்கினாள் என்பவை எழுதப்படவில்லை.