புள்ளி விழுந்த டயல்

எச்.எம்.டி. ஜனதாவின் வெள்ளை டயல் எல்லாக் கைகளிலும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. வியர்வை ஊறும் கையில் வருடக்கணக்கில் கிடந்தது ஓரத்திலிருந்து பழுக்கும். நிமிடக் கோடுகளையொட்டி முதலில் வெளிர்மஞ்சள் வளையம், பிறகு பழுப்பு. சாவிக் குமிழ் வழியாக ஈரம் புகுந்திருந்தால் 3 மணிப் பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகக் கறுக்கும். பீரோவில் துணி சுற்றி வைத்திருந்தது முழுக்கச் சீராகத் தந்த நிறத்துக்கு வரும். அடியில் பித்தளைத் தகடு, அதன் மேல் பூச்சு, பூச்சின் மேல் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் படலம். அந்தப் படலம்தான் முதலில் மஞ்சளிக்கிறது. அது விரிசல் விட்ட இடத்தில் ஈரம் உலோகம்வரை இறங்கிப் புள்ளி விழுகிறது. காரணம் இவ்வளவுதான், ஆனால் விளைவு எந்த இரண்டு வாட்சிலும் ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

பழைய வாட்ச் சேகரிப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்கு வேண்டியது டப்பாவை விட்டு வெளியே வராத வாட்ச். பின்மூடியில் ஒட்டிய தாள் கிழிந்திருக்கக் கூடாது, கேஸின் விளிம்பு கூர் மழுங்காமல் இருக்க வேண்டும், கூடவே உத்தரவாதச் சீட்டும் இருந்தால் உத்தமம். இன்னொரு கட்சி, நின்றுபோன வாட்சைச் சந்தையில் பொறுக்கி வந்து, ஓடவைத்து, கையில் கட்டிக்கொள்வது. நான் இரண்டாம் கட்சி. ஆனால் அந்தக் கட்சிக்குள்ளேயே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மெஷினில் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், டயலில் கை வைக்கக் கூடாது என்பேன். என் கட்சிக்காரர்களில் பாதிப் பேர் டயலில்தான் முதலில் கை வைக்கிறார்கள்.

எச்.எம்.டி.யை வைத்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1953-ல் பெங்களூரில் எந்திரக் கருவிகள் செய்யத் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம் அது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டுச் சேர்ந்து கைக்கடிகாரத்தில் இறங்கியது. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், ஜவான் என்று பெயர்கள். இவற்றில் எதையும் யாரும் பொக்கிஷமாகக் கருதிச் செய்யவில்லை. முதல் சம்பளத்தில் வாங்கியது, மாப்பிள்ளைக்குப் போட்டது, ரிட்டயர் ஆன அன்று மாலையோடு கிடைத்தது. காலையில் சாவி கொடுத்து, ரேடியோச் செய்திக்கு நேரம் சரிபார்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பியது. 1987-ல் ஓசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வரத் தொடங்கின. சாவி கொடுக்கும் வாட்ச் மெல்ல மேசை இழுப்பறைக்குள் போனது. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்த பிறகுதான் பலருக்கும் இழுப்பறை நினைவுக்கே வந்தது.

கிராக்கி வந்தால் புதுப்பிப்பவர்கள் வராமல் இருப்பார்களா? மயில் நீலம், கிளிப்பச்சை, குங்குமச் சிவப்பு என்று எச்.எம்.டி. கனவிலும் அடிக்காத நிறங்களில் டயல்கள் வந்து குவிந்தன. ராணுவ வாட்ச் என்று நம்பவைக்க ஒரு முத்திரை, விமானப்படை என்று நம்பவைக்க மூவண்ண வளையம். எச்.எம்.டி. மட்டுமல்ல, ஒரு காலத்தில் இந்தியாவில் சக்கைப்போடு போட்ட ஃபாவ்ரே-லூபாவும் வெஸ்ட் எண்டும் இந்தக் கதிக்கு ஆளாயின. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பழைய டயலைச் சுரண்டி, புதுப் பூச்சு அடித்து, எழுத்தை மறுபடி அச்சிடுவது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அசல் அச்சில் எழுத்து மெல்லிய மேடாக எழும்பி, ஓரம் கத்திபோல் நிற்கும். மறு அச்சில் மை கசிந்து ஓரம் குழையும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவைத் தவறவிடும். நடுத்துளையின் உள்விளிம்பில் பெயின்ட் வழிந்து உறைந்திருக்கும். இவை எதுவும் இல்லாமல் பிசிறற்றுச் செய்த மறு அச்சும் உண்டு. எனக்கு அதன் மேல்தான் கோபம் அதிகம். கிளிப்பச்சை டயலாவது தான் பொய் என்பதை ஊருக்கே சொல்லிவிடுகிறது.

புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., ஏட்டில் சிதைந்துபோன அடிகளுக்குச் சொந்தச் சொல்லைப் போட்டு நிரப்பவில்லை. அவருக்கு இருந்த புலமைக்கு, யாப்பும் தட்டாமல் பொருளும் கெடாமல் நிரப்பியிருக்கலாம். படிக்கிறவனுக்குத் தெரிந்தும் இருக்காது. இல்லாத இடத்தில் புள்ளி வைத்துவிட்டுப் போனார். டயலில் விழுந்த புள்ளியையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இங்கே ஒன்று அழிந்திருக்கிறது என்று அது சொல்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் அழிந்தது திரும்பி வராது. அழிந்தது என்ற செய்தியும் சேர்ந்து போய்விடும்.

சென்னை அண்ணா சாலையில் உள்ள பி. ஆர் அண்ட் சன்ஸ் கடையின் பழைய பாக்கெட் வாட்சுகளில் கடைப் பெயரின் கீழே மெட்ராஸ், ரங்கூன் என்று இரண்டு ஊர்களும் சேர்ந்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பர்மாவுக்குக் கப்பலேறிய ஒரு தலைமுறையின் கதை அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. நல்லவேளையாக அவை சூளையில் சுட்ட எனாமல் டயல்கள். பெயின்ட் டயல்போல் வெளிறுவதில்லை. கீழே விழுந்தால் மட்டும் கோடாக விரிசல் விடும். அந்தக் கோட்டையும் மறைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் கட்சிக்காரர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யாரோ ஒருவர் டப்பாவோடு பூட்டிவைத்த ஜனதா இருப்பதால்தான் அசல் முள் எவ்வளவு நீளம், டயலின் வெள்ளை எப்படிப்பட்ட வெள்ளை, சாவிக் குமிழில் எழுத்து இருந்ததா என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. மூலப்பிரதி ஒன்று எங்கோ பத்திரமாக இருக்க வேண்டும். ஆனால் மாசு மருவற்றது என்ற சொல்லுக்குச் சந்தை கொடுக்கும் விலை, மாசு மருவற்றதைத் தயாரிக்கவும் ஆள் சேர்த்துவிடுகிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஃபிலிப்ஸ் நடத்திய ஏலத்தில் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 2915-1 ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. கறுப்பு டயல் காலப்போக்கில் பழுப்பேறியிருந்ததில் சேகரிப்பாளர்களுக்குக் கிறக்கம். வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023-ல் அது பல வாட்சுகளின் பாகங்களைக் கோத்து உருவாக்கிய போலி என்று அதே ஒமேகா அறிவித்தது. தன் முன்னாள் ஊழியர்களுக்கு அதில் பங்கு இருந்ததாகவும் சொன்னது. மூப்பின் நிறத்துக்கே மவுசு வந்த பிறகு, இப்படி நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் ஏலக்கூடத்தில்தான் கிடைக்கிறது. 2017 அக்டோபரில் நியூயார்க்கில் சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலருக்குப் போன நடிகர் பால் நியூமேனின் ரோலெக்ஸ் டேடோனா, டப்பாவில் உறங்கிய வாட்ச் அல்ல. கார்ப் பந்தயக்காரரான கணவருக்கு ஜாக்கிரதையாக ஓட்டச் சொல்லி மனைவி பின்மூடியில் எழுத்துப் பொறித்துக் கொடுத்தது. அவர் வருடக்கணக்கில் கட்டிப் புழங்கியது. அதைப் பாலிஷ் போட்டு விற்க யாருக்கும் தோன்றவில்லை.

மெஷின் விஷயம் வேறு. ஜனதாவுக்குள் இருப்பது 0231 என்ற எண்ணுள்ள மெஷின். 17 ஜுவல் கற்கள், மணிக்கு 18,000 துடிப்பு. நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சம் துடிப்பு. அத்தனையையும் தாங்குவது, இருபுறமும் வீசித் துடிக்கும் பேலன்ஸ் வீலின் அச்சில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே பருமனுள்ள இரண்டு முனைகள். அங்கே ஒரு சொட்டின் சிறு துளி எண்ணெய் இருக்க வேண்டும். எண்ணெய் காலத்தில் பிசினாகிக் காயும். காய்ந்த பிறகும் ஓடினால் முனை தேயும். இதில் டப்பா வாட்சுக்குச் சலுகை எதுவும் கிடையாது. நாற்பது வருடம் உறங்கினாலும் எண்ணெய் காயத்தான் செய்யும். தாள் கிழியாத அந்த வாட்சுக்கு ஆசையாகச் சாவி கொடுத்துப் பார்ப்பது அதற்குச் செய்யும் கெடுதல். ஓட்ட வேண்டுமென்றால் பின்மூடியைத் திறந்தாக வேண்டும், தாள் கிழியும். கிழிய வேண்டாமென்றால் அது நின்ற வாட்சாகவே இருக்க வேண்டியதுதான். முதல் கட்சியின் தர்மசங்கடம் இது. அங்கிருந்து சிலர் சத்தமில்லாமல் எங்கள் பக்கம் வருவதும் இதனால்தான்.

நல்ல கைக்காரர் சர்வீஸ் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கைத் தளர்த்துவார். முறுக்கு அவிழாமல் பிடித்திருக்கும் கிளிக்கை ஊசி முனையால் விலக்கி, சாவிக் குமிழை விரலிடுக்கில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவிடுவார். அவசரக்காரர் இதைத் தாண்டிப் போய், சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடும் பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால், தேங்கிய முறுக்கெல்லாம் ஒரே மூச்சில் அவிழ்ந்து சக்கரங்கள் சீறும். பல் உடையலாம், அச்சு முறியலாம். பிறகு பாகங்களைக் கழுவுவது. கழுவிய பின்னும் ஒவ்வொரு கல்லின் துளையிலும் கூர்சீவிய மரக்குச்சியை விட்டுத் திருகுவார். குச்சி முனை அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை சீவுவதும் திருகுவதும்தான் வேலை. எண்ணெய் விடுவதில்தான் ஆளின் தரம் தெரியும். பேலட் கற்களுக்கு எண்ணெய் உண்டு. பேலட் ஃபோர்க்கின் அச்சுகளுக்குப் பொதுவாகக் கிடையாது. எல்லா இடத்திலும் தாராளமாக விடுபவரிடம் அடுத்த வாட்சைக் கொடுக்காதீர்கள்.

0231 அழகான மெஷின் அல்ல. சுவிஸ் மெஷின்களின் மேல்தகட்டில் அலை அலையாக ஓடும் ஜெனீவா கோடுகள் இங்கே இல்லை. தொழிற்சாலையின் வேலை தொழிற்சாலையின் வேலையாகவே தெரியும். ஆனால் சுத்தம் செய்து பூட்டிய பின், கடைசியாகப் பேலன்ஸ் வீலை இடத்தில் இறக்கும்போது, திருகை முடுக்குவதற்கு முன்பே அது தானாக ஒரு பக்கம் அசைந்து, தயங்கி, மறுபக்கம் வீசத் தொடங்கும். ஹேர் ஸ்பிரிங் விரிந்து சுருங்குவது அப்போது கண்ணுக்குத் தெரியும். டைம்கிராஃபர் கருவியில் வைத்தால் துடிப்பின் ஒலியைக் கேட்டு வீச்சு எத்தனை பாகை என்று காட்டும். புது மெஷினுக்கு 270-க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். ஐம்பது வயது ஜனதா 240 காட்டினால் எனக்குப் பரம திருப்தி.

மெயின் ஸ்பிரிங், கிளாஸ், ஈரம் தடுக்கும் வளையம் ஆகியவற்றை மாற்றுவதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. தேய்வதற்கென்றே வைத்த பாகங்கள் அவை. கேஸைப் பாலிஷ் போடுவது கூடாது. தேய்த்துப் போன கூர்மை திரும்பாது. முலாம் பூசிய கேஸ் என்றால் இருக்கிற முலாமும் போய்விடும். முள் விஷயத்தில் மட்டும் என் விதியை நானே தளர்த்துகிறேன். துரு பொருக்காக உதிரத் தொடங்கிவிட்டால் துகள் மெஷினுக்குள் விழும். அப்போது முள்ளை மாற்றித்தான் ஆக வேண்டும். இருட்டில் ஒளிர ரேடியம் பூசிய மிகப் பழைய முட்களைத் துருவ, சுரண்ட, ஊத யாரும் முயல வேண்டாம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அதோடு கலந்த ஒளிரும் பொடிதான் சில பத்தாண்டுகளில் செத்துப்போகிறது. இன்று அந்த முள்ளில் வெளிச்சம் இல்லை, ஆபத்து மட்டும் மிச்சம்.

இனி வரப்போகும் சங்கடம் உதிரி பாகம். தொழிற்சாலை இல்லை, பேலன்ஸ் வீலின் அச்சு உடைந்த ஒரு ஜனதா ஓட வேண்டுமென்றால் இன்னொரு எச்.எம்.டி. சாக வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்துக் கொட்டியிருக்கும் குவியலில் இப்படிப் பலி கொடுப்பதற்கென்றே வாட்ச் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அகப்படுவது, டயலை யாரோ பாழாக்கிய, ஆனால் மெஷின் நன்றாக இருக்கும் பைலட். அதன் கறுப்பு டயலில் மும்பை ஸ்பெஷல் சிவப்பு ஏறியிருக்கும். உள்ளே ஜனதாவில் இருக்கும் அதே 0231. அந்தப் பேலன்ஸை எடுத்து ஜனதாவுக்குப் போடலாமா? டப்பாக் கட்சிக்காரர் இனி இது அசல் இல்லை என்பார். நான் போடுவேன். போட்டுவிட்டு, பழைய வாட்ச்காரர்கள் சர்வீஸ் செய்த தேதியை ஊசியால் கீறிவைத்த அதே இடத்தில், பின்மூடியின் உட்புறத்தில், அவர்கள் கையெழுத்தின் கீழே எழுதியும் வைப்பேன்: பேலன்ஸ், பைலட்டிலிருந்து.