தன் எழுத்திலிருந்து தானே தேர்வது

எழுத்தாளர் ஒருவருக்கு அறுபது வயது நிறைகிறது. ஒரு சிற்றிதழ் நூறாவது இதழைத் தொடுகிறது. வாரந்தோறும் வந்த ஒரு பத்தி பத்தாவது ஆண்டில் நுழைகிறது. இத்தகைய தருணங்களில் நம்மிடையே பெரும்பாலும் ஒன்றே நடக்கிறது: அதுவரை எழுதியவற்றில் தமக்குப் பிடித்தவற்றை எழுதியவரே எடுத்துத் தருகிறார். ‘தேர்ந்தெடுத்த கதைகள்’ என்றோ ‘தேர்ந்தெடுத்த கட்டுரைகள்’ என்றோ அது நூலாகிறது. சில சமயம் ஆண்டு மலரில் மறுபிரசுரமாகிறது. பிறர் தொகுத்தால் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று விவாதம் கிளம்பும். எழுதியவரே தொகுத்தால் அதைக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் தன் எழுத்தைத் தானே தேர்வதும் ஒரு விமர்சனச் செயல்தான். அதற்குரிய பலமும் பலவீனமும் அதற்கு உண்டு. எழுதியவருக்குத் தேர்ந்தெடுக்க முழு உரிமை உண்டு, விட்டதை மறைக்கும் உரிமை இல்லை என்பது என் நிலைப்பாடு.

முதலில் பலத்தைப் பார்ப்போம். நிறைய எழுதியவரிடம் புதிய வாசகர் எங்கிருந்து நுழைவது என்று தெரியாமல் திகைக்கிறார். அவருக்கு வாசலைக் காட்டுவது தேர்வு. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தாகூரின் ‘சஞ்சயிதா’. 1931இல் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்த ஆண்டின் இறுதியில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதிய கவிதைகளிலிருந்து அவரே தேர்ந்து அத்தொகுப்பை வெளியிட்டார். இன்றும் வங்காள வாசகர் தாகூரின் கவிதைக்குள் செல்லும் முதல் வழிகளில் ஒன்றாக அது இருக்கிறது. அதன் முன்னுரையில் அவர் தம் அளவுகோலையும் சொல்லிவிடுகிறார். தாம் ஏற்றுக்கொள்ளும் கவிதைகளைக் கொண்டு தம்மை மதிப்பிட்டால் தமக்குக் குறையில்லை என்கிறார். வளர்ச்சியின் வரலாறு தெரிய வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்தியபோது, எழுத்து எப்போது கவிதையாயிற்றோ அங்கிருந்துதான் வரலாறு தொடங்குகிறது என்று பதில் தருகிறார். இளமைக் காலத் தொகுப்புகளைப் பெரும்பாலும் ஒதுக்கியதற்கான காரணம் இப்படி வாசகர் முன் வெளிப்படையாக வைக்கப்படுகிறது. அவரோடு உடன்படலாம், முரண்படலாம். இரண்டுக்கும் இடம் தரும் தேர்வு அது.

இரண்டாவது பலம், தேர்வு எழுத்தாளரைப் பேசவைக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1907 முதல் 1909 வரை தம் புனைவுகளை 24 தொகுதிகளாக வெளியிட்டார். ‘நியூயார்க் பதிப்பு’ என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு நாவலும் எந்தச் சிறு பொறியிலிருந்து பிறந்தது, யார் கண்வழியே கதையைச் சொல்ல முடிவெடுத்தார், எங்கே தடுமாறினார் என்றெல்லாம் அதற்காகவே விரிவான முன்னுரைகள் எழுதினார். பதிப்பு விற்பனையில் தோற்றது. முன்னுரைகள் 1934இல் தனி நூலாகி, நாவல் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முக்கியமான நூல்களில் ஒன்றாக நிலைத்தன. திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு வராதிருந்தால் அவற்றை எழுத அவருக்குக் காரணமே இருந்திருக்காது.

மூன்றாவது பலத்தைத் தமிழிலேயே காணலாம். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். மூன்றே ஆண்டுகளில், 1962இல், அதில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் தேர்ந்து ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாக்கினார். புதுக்கவிதை கவிதையே இல்லை என்று சொல்லப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இதழில் சிதறிக் கிடந்தவரை அவை தனித்தனி முயற்சிகள். ஒரு நூலுக்குள் அருகருகே நின்றபோது அவை ஓர் இயக்கம் என்பது தெரிந்தது. ஓய்ந்த பிறகு திரும்பிப் பார்ப்பது மட்டுமே தேர்வு அல்ல, ஓட்டத்தின் நடுவே நின்று வந்த வழியை எடுத்துக்காட்டி மேலும் செல்வதும் தேர்வுதான் என்பதற்கு ‘புதுக்குரல்கள்’ சான்று.

இனிக் குறைகள். எழுதியவர் அன்றும் இன்றும் ஒரே ஆள் அல்லர். எழுபது வயதுக்காரர் முப்பது வயதுக்காரருக்கு நீதிபதியாக அமர்கிறார். தீர்ப்புக்கு உள்ளாகும் இளைஞருக்கு வாதாட ஆளில்லை. ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனின் கதை இதை விளக்கும். 1945இல் தம் கவிதைகளைத் திரட்டியபோது முதல் வரிகளின் அகரவரிசையில் அவற்றை அடுக்கினார். எது முன்னால் எழுதியது, எது பின்னால் எழுதியது என்று வாசகரால் தொடர முடியவில்லை. 1966இல் வெளியிட்ட தொகுப்பில் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றிய கவிதையையும், இரண்டாம் உலகப் போர் வெடித்த நாளைத் தலைப்பாகக் கொண்ட ‘1939 செப்டம்பர் 1’ கவிதையையும் நேர்மையற்றவை என்று சொல்லி நீக்கிவிட்டார். தம் சொல்லுக்குத் தாமே பொறுப்பேற்ற அந்த அறத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கவிதை அதற்குள் வாசகர்களின் சொத்தாகிவிட்டிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு துயரத்தில் இருந்த நியூயார்க்கில் பலர் தேடிப் படித்துப் பகிர்ந்தது அவர் கைவிட்ட அந்தக் கவிதையைத்தான். 1973இல் ஆடன் மறைந்த பின் அவருடைய எழுத்துகளுக்குப் பொறுப்பாளரான எட்வர்ட் மெண்டல்சன் பழைய வடிவங்களை மீண்டும் அச்சேற்றியதால்தான் அந்த இழப்பு ஈடுசெய்யப்பட்டது.

இரண்டாவது குறை நுட்பமானது. ஒரு கட்டுரை எழுதியவருக்குப் பிடித்துப்போவதற்கான காரணங்கள் பல சமயம் கட்டுரைக்கு வெளியே இருக்கின்றன. பத்தி எழுதுபவன் என்ற முறையில் இதை நான் உணர்ந்திருக்கிறேன். பழைய கட்டுரைகளைப் புரட்டும்போது மனம் முதலில் செல்வது அதிகம் உழைத்து எழுதியவற்றிடம். அடுத்து, வாசகர் கடிதம் நிறைய வந்தவற்றிடம். பிறகு, அன்புக்குரிய ஒருவர் பாராட்டியவற்றிடம். உழைப்பு, வரவேற்பு, நன்றியுணர்வு ஆகிய மூன்றும் மதிக்கத்தக்கவை. ஆனால் வாசகருக்கு முன்னால் இருப்பது பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்து மட்டும்தான். ஒரே அமர்வில் எளிதாக வந்த சிறு குறிப்பு, மாதக்கணக்கில் செதுக்கிய நீண்ட கட்டுரையைவிட உயிரோடு இருக்கக்கூடும். அதை எழுதியவரைவிட ஒரு நல்ல வாசகர் விரைவில் கண்டுகொள்வார்.

மூன்றாவது குறை அன்றாட எழுத்துக்கு நேரும் புறக்கணிப்பு. பிடித்தவை என்று தேரும்போது நாள்பட்ட செய்தியோடு பிணைந்த எழுத்து முதலில் கழிகிறது. பாரதி 1904இல் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்தவர், பிறகு ‘இந்தியா’ வார இதழை நடத்தியவர். காங்கிரசுக்குள் நடந்த பூசல், பஞ்சம், அடக்குமுறை, பெண்கல்வி என்று இதழ்தோறும் எழுதியதெல்லாம் அந்தந்த நாளுக்காக எழுதியது. ரா. அ. பத்மநாபனின் ‘பாரதி புதையல்’, சீனி. விசுவநாதனின் ‘கால வரிசைப்படுத்தப்பட்ட பாரதி படைப்புகள்’ போன்ற உழைப்புகள் இல்லையென்றால், பாடல்களை மட்டும் எழுதிய ஒரு கவிஞராகவே பாரதி நம் நினைவில் சுருங்கியிருப்பார். அந்தப் பாடல்களைப் பிறப்பித்த அரசியல் சூடு அவருடைய இதழ் எழுத்தில்தான் முழுமையாகத் தெரிகிறது.

நான்காவது குறை தமிழில் பரவலானது: தேதி இல்லாமை. எந்த இதழில், எந்த ஆண்டில் வந்தது என்ற குறிப்பின்றியே தொகுப்புகள் வந்துகொண்டிருக்கின்றன. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவருடைய கதைகளைக் கால வரிசையில், முதலில் வெளியான இதழ் விவரத்தோடும் பாட வேறுபாடுகளோடும் படிக்க, ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு 2000இல் வரும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு கதைக்குப் பக்கத்தில் 1934 என்று இருந்தால் அதை ஒருவிதமாகப் படிக்கிறோம். 1944 என்றிருந்தால் வேறுவிதமாகப் படிக்கிறோம். எழுதியவர் உயிரோடு இருக்கும்போது ஒரு வரியில் தந்துவிடக்கூடிய தகவலை, பின்னால் ஓர் ஆய்வாளர் நூலகம் நூலகமாக அலைந்து மீட்க நேர்கிறது.

இதன் இன்னொரு முகம், சொல்லாமல் திருத்துவது. ஹென்றி ஜேம்ஸ் தம் பதிப்புக்காக ஆரம்ப கால நாவல்களின் நடையையே மாற்றினார். அதனால் 1881இல் முதலில் நூலான ‘ஒரு சீமாட்டியின் சித்திரம்’ நாவலை எந்த வடிவத்தில் படிப்பது என்ற விவாதம் இன்றும் நீடிக்கிறது. அவர் திருத்தியதை மறைக்கவில்லை. ஆகவே விவாதமாவது சாத்தியமாயிற்று. ஓசையின்றித் திருத்தப்பட்ட கட்டுரையில் வாசகருக்கு அதுவும் கிடைப்பதில்லை. ஒரு நிகழ்வுக்கு முன் எழுதிய கருத்தை நிகழ்வுக்குப் பின் செப்பனிட்டு, பழைய தேதியில் அச்சிட்டால் அது தேர்வு ஆகாது.

நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு வேறொரு வழியைக் காட்டியவர் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேய்ன். 1580இல் தம் கட்டுரைகளை வெளியிட்ட அவர், 1588இல் மூன்றாவது பாகத்தோடு பழைய கட்டுரைகளிலும் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளைச் செய்தார். அந்த அச்சுப்பிரதியின் ஓரங்களிலும் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். பழைய கருத்தை வெட்டுவதைவிட அதன் பக்கத்தில் புதிய கருத்தை வைப்பதே அவர் வழி. எந்த வரி எந்தக் காலத்தது என்று இன்றைய பதிப்புகள் குறியிட்டுக் காட்டுகின்றன. ஒரு மனம் இருபது ஆண்டுகள் தன்னோடு தானே உரையாடுவதை ஒரே பக்கத்தில் நாம் காண்கிறோம்.

எடைபோட்டுப் பார்த்தால் பலம்தான் கூடுதலாக நிற்கிறது. குறைகள் ஒவ்வொன்றும் எளிய ஒழுங்கால் நீங்கக்கூடியவை. தாகூர் விஷயத்திலேயே அது நடந்தது. அவர் ஒதுக்கிவைத்த ஆரம்ப கால எழுத்துகளை விசுவபாரதி 1940இலும் 1941இலும் அவருடைய நூற்றொகையின் தனிப் பகுதியாக இரு தொகுதிகளில் வெளியிட்டது. கவிஞரின் தேர்வும் நின்றது. அவர் விட்டதும் வாசகருக்குக் கிடைத்தது. இரண்டும் சேர்ந்து இருப்பதே நாகரிகம்.

மணிவிழாவுக்கும் நூறாவது இதழுக்கும் தொகுப்பைத் திட்டமிட்டுக்கொண்டிருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு படைப்பின் கீழும் அது முதலில் வந்த இதழையும் ஆண்டையும் அச்சிடுங்கள். திருத்தியிருந்தால் திருத்தியதைச் சொல்லுங்கள். ஏன் தேர்ந்தீர்கள் என்பதை நான்கு வரியிலாவது எழுதுங்கள். உங்களோடு அடிக்கடி முரண்படும் ஒரு வாசகரிடம் சில பக்கங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். விட்டவற்றின் பட்டியலை நூலின் கடைசியில் சேருங்கள். பழைய இதழ்களை ஒரு நூலகத்தில் ஒப்படையுங்கள். உங்கள் எழுத்தில் எது மிஞ்சும் என்பதைப் பின்வரும் வாசகர்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த முடிவுக்குத் தேவையான அனைத்தையும் அவர்களுக்கு விட்டுச்செல்வது உங்கள் கடமை.