காலை எடுக்கத் தெரிந்தவர்

கார் பந்தயம் என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுதான் என்று நினைத்திருந்தேன். லூகாஸ் டி கிராஸியின் ஓட்டத்தைப் பார்த்த பிறகுதான் காலை எப்போது எடுப்பது என்பதும் ஒரு கலை என்று புரிந்தது.

பிரேசிலின் சாவ் பாலோக்காரர். 2010-இல் ஃபார்முலா ஒன்னில் ஒரே ஒரு சீசன். ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பிறகு மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ. 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த முதல் பந்தயத்தையே வென்றார். 2017-இல் சாம்பியன்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2019 மெக்சிகோ சிட்டி பந்தயத்தைத்தான். முன்னால் பாஸ்கல் வெர்லைன். விடாமல் துரத்துகிறார் டி கிராஸி. இந்தப் பந்தயங்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வளைவு வருமுன்பே காலை எடுத்துவிட வேண்டும். கார் சும்மா உருளும். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே டைனமோ போல மாறி, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். சிறுகச் சிறுகச் சேர்த்த அந்த மிச்சம் கடைசி நேர்ச்சாலையில் கைகொடுத்தது. வெர்லைன் காரில் மின்சாரம் தீர, முடிவுக்கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் பக்கவாட்டில் பாய்ந்து தாண்டினார் டி கிராஸி. என்ன நிதானம்!

வெற்றியின் இடைவெளி கால் நொடிகூட இல்லை.