புள்ளிகளுக்கு அடியில் புதைந்த பெட்டிகள்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் கயத்தாறை இரண்டு விஷயங்களால் அறிவார்கள். ஒன்று, 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம். மற்றொன்று, காத்தாடிகள். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் சொன்ன மின்சாரத்தை ஒரு காற்றாலை உண்மையிலேயே தருகிறதா என்று அளந்து பார்க்கும் இடம் அது.

அந்த அளவீட்டின் முடிவு ஒரே படத்தில் வரும்: மின்திறன் வளைகோடு. சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 61400-12-1 சொல்லும் முறைப்படி, பத்து நிமிட சராசரி ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. காற்றின் வேகத்தை நொடிக்கு அரை மீட்டர் இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் சராசரி எடுத்துக் கோடு வரைவார்கள். குறைந்தது 180 மணி நேரத் தரவு வேண்டும். அதாவது 1,080 புள்ளிகள். ஒரு மாதம் முழுக்க எடுத்தால் 4,320.

இந்தப் படத்தை ஊடாடும் படமாக்க எளிய வழி, ஆர் மொழியில் உள்ள ஜிஜிபிளாட்லி. 2007 முதல் புழக்கத்தில் இருக்கும் ஜிஜிபிளாட்2-இல் வரைந்த படத்தை அதனிடம் கொடுத்தால், ஒரே வரியில் உலாவியில் திறக்கும் பிளாட்லி படமாக மாற்றித் தரும். சுட்டியைப் புள்ளிமேல் வைத்தால் தேதியும் நேரமும் தெரியும். இது அலங்காரமல்ல. நல்ல காற்று அடித்தும் மின்சாரம் பூஜ்யத்தில் கிடக்கும் புள்ளியைத் தொட்டுப் பார்த்தால், அது பழுதுபார்த்த நேரமா, மின்கட்டமைப்பு வாங்க மறுத்த நேரமா என்று பதிவேட்டோடு ஒப்பிடலாம். இதற்காகவே இந்தக் கருவியைப் பாராட்டலாம்.

சிக்கல் அடுக்குகளில் தொடங்குகிறது.

அடியில் சாம்பல் நிறப் புள்ளிகள், அவற்றின் மேல் ஒவ்வொரு வேகப் பிரிவுக்கும் ஒரு பெட்டிப்படம், உச்சியில் சராசரிக் கோடு: இப்படி ஒரு மாதிரிப் படத்தை எடுத்துக்கொள்வோம். ஜிஜிபிளாட்2 எழுதிய வரிசையிலேயே வரையும். எது பிறகு வருகிறதோ அது மேலே. ஜிஜிபிளாட்லிக்குப் போனதும் பெட்டிகள் புள்ளிக் குவியலுக்கு அடியில் போய்விடுகின்றன. கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காரணம், உலாவியில் வரையும் பிளாட்லி நூலகம் வகை வாரியாக அடுக்குவது. ஹீட்மேப் அடியில், அதற்கு மேல் கான்டூர், பார், வயலின், பெட்டிப்படம் என்று ஏறி, உச்சியில் ஸ்கேட்டர். புள்ளியும் கோடும் ஸ்கேட்டர் வகை என்பதால் அவற்றுக்குள் எழுதிய வரிசை நிற்கும். தரவுப் பட்டியலில் டிரேஸ்களை, அதாவது படத்தின் தரவு அடுக்குகளை, முன்பின்னாக மாற்றுவது பலருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். அது ஒரே வகைக்குள் பலிக்கும். பெட்டியைப் புள்ளிக்கு மேலே தூக்காது.

நேரடி மருந்து 2024-இல் வெளிவந்த பிளாட்லி நூலகத்தின் 2.31.0 பதிப்பில் இருக்கிறது: 'இசட்-ஆர்டர்'. எந்த டிரேஸுக்கு எண் பெரிதோ அது மேலே. ஆனால் ஜிஜிபிளாட்லியைத் தரும் ஆர் தொகுப்பின் 4.10.4 பதிப்புக்குள் பொதிந்திருப்பது 2.11.1. அதில் இசட்-ஆர்டர் எழுதினாலும் படம் அசைந்துகொடுக்காது. புள்ளிகள் அதிகமென்று வேகத்துக்காக வெப்ஜிஎல் வகைக்கு மாறினால் இன்னொரு கட்டுப்பாடு: அவை தனிப் பலகையில் வரையப்படுவதால், இரண்டு சாதாரண அடுக்குகளுக்கு நடுவே செருகவே முடியாது.

கையில் இருக்கும் பதிப்போடு ஒத்துப்போகும் வழி, பெட்டியைப் பெட்டிப்படமாக வரையாமல் விடுவதுதான். கால்மானங்களை முன்கூட்டியே கணக்கிட்டு, ஜிஜிபிளாட்2-இல் வெறும் செவ்வகங்களாக வரைந்தால், ஜிஜிபிளாட்லி அவற்றை நிரப்பிய ஸ்கேட்டராக மாற்றும். எல்லாம் ஒரே வகை; எழுதிய வரிசை அப்படியே நிற்கும். சுட்டியை வைத்தால் இடைநிலையும் கால்மானங்களும் தானாக வரும் வசதி போய்விடும். தேவையானால் ஒவ்வொரு செவ்வகத்துக்கும் குறிப்பை நாமே எழுத வேண்டும். வேலை கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் மறைந்த பெட்டியைவிடக் குறிப்பில்லாத பெட்டி மேல்.

புள்ளியும் கோடும் மட்டுமே உள்ள வளைகோட்டுக்கு ஜிஜிபிளாட்லியைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பெட்டி, பார், ஹீட்மேப் கலந்த படமென்றால், பழைய நிலைப்படத்தைப் பக்கத்தில் திறந்துவைத்து அடுக்குகளை ஒருமுறை சரிபார்த்த பிறகே அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.