தகப்பன் பாடும் தாலாட்டு: விடுதலும் வைத்திருத்தலும்

தமிழில் தாலாட்டுப் பாடிய ஆண்களுக்குப் பஞ்சமில்லை. தகப்பனாக நின்று பாடியவனைத்தான் தேட வேண்டியிருக்கிறது. நம்முடைய இலக்கிய வரலாற்று நூல்கள் முதல் வாக்கியத்தைப் பெருமையாகச் சொல்லும். இரண்டாவதைச் சொல்லாமல் நகர்ந்துவிடும். இன்றைக்கோ சினிமா தகப்பனைத் தொட்டில் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட விட்டிருக்கிறது. நாமும் கண் கலங்கிக் கேட்கிறோம். இத்தனை நூற்றாண்டு வாய் திறக்காதவன் இப்போது ஏன் பாடுகிறான், யாருடைய இடத்தில் உட்கார்ந்து பாடுகிறான் என்று விசாரித்துவிட்டுக் கண் கலங்கினால் தேவலை.

பெரியாழ்வாரிலிருந்து தொடங்கலாம். கண்ணனைத் தொட்டிலிலிட்டு அவர் பாடிய பதிகத்தில் பாடுகிறவள் யசோதை. மரபு சொல்லும் கதைப்படி, ஸ்ரீவில்லிபுத்தூர்த் துளசி வனத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்த தகப்பன் இவர். அந்தக் குழந்தைக்கு இவர் பாடிய தாலாட்டு என்று ஒன்று நம் கையில் இல்லை. மகள் கண்ணனோடு போய்விட்டாள், வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்று புலம்பும் பதிகம் ஒன்று உண்டு. ஆண்டாளை மனதில் வைத்தே அதைப் படிக்கிறவர்கள் அதிகம். அதிலும் பேசுகிறவள் தாய்தான். சொந்த அனுபவம் என்று வாசகர்கள் ஒத்துக்கொள்ளும் இடத்தில்கூடத் தகப்பன் தாய்வேஷம் கட்டித்தான் அழமுடிகிறது.

குலசேகராழ்வார் இதை இன்னும் பச்சையாகக் காட்டிக்கொடுக்கிறார். பெருமாள் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் தேவகி புலம்புகிறாள். பெற்ற பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடக் கொடுத்துவைக்காதவள் அவள். எட்டாம் பதிகம் இராமனுக்குத் தாலாட்டு, கோசலையின் குரல். ஒன்பதாம் பதிகத்தில் தசரதன் வருகிறான். பிள்ளை காட்டுக்குப் போன பிறகு வாய்விட்டு அழுகிறான். பாடக் கிடைக்காத தாய், பாடுகிற தாய், எல்லாம் கைவிட்டுப் போன பிறகு பேசத் தொடங்கும் தகப்பன் என்று மூன்று பதிகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த வரிசையை ஒரு பாலின இலக்கணமாகவே படிக்கலாம். தாலாட்டுப் பாடமுடியாமல் போனதைத் தாயின் இழப்பாகப் பிரதி உணர்கிறது. தகப்பனுக்கும் அப்படியொரு இழப்பு இருக்கக்கூடும் என்கிற யோசனையே அதற்கு இல்லை. அவனுக்கு ஒதுக்கியது புலம்பல் மட்டும்தான்.

பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் ஒரு கட்டாய உறுப்பாகவே ஆகிவிடுகிறது. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் என்னும் அரசனைக் குழந்தையாக்கினார். குமரகுருபரர் என்ற துறவி மதுரை மீனாட்சியைக் குழந்தையாக்கினார். அரசவைப் புலவனும் மடத்துத் துறவியும் தாலாட்டலாம். தன் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிற சாதாரண அப்பன்காரனுக்கு அதில் இடமில்லை. தொட்டிலில் கிடப்பது அரசனாகவோ தெய்வமாகவோ இருந்தால்தான் ஆண் குனிந்து பாடலாம் என்பது ஏற்பாடு. பணிதல் ஆணுக்கு இழுக்கு. மேலே இருப்பதன் முன் பணிந்தால் அது பக்தி, விசுவாசம்.

இதனால் தமிழ்த் தகப்பன் அன்பில்லாதவன் என்று ஆகிவிடாது. புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, சோற்றில் கைவிட்டுத் துழாவி மேலெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தையைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறான். குறளின் மக்கட்பேறு அதிகாரமும் குழந்தையைத் தொடுவதையும் அதன் மழலையைக் கேட்பதையும் கொண்டாடுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். இந்த இடங்களில் குழந்தை விழித்திருக்கிறது. தகப்பன் பார்க்கிறான், தொடுகிறான், கேட்கிறான். ராத்திரியில் வீறிட்டு அழும் குழந்தையை என்ன செய்தான் என்று தகவல் இல்லை. அதே அதிகாரத்தில் தந்தையின் கடமையாக வருவது பிள்ளையைச் சபையில் முன்னால் நிற்க வைப்பது. பகல் தகப்பனுடையது, இரவு தாயுடையது என்று வேலை பிரிந்துவிட்டது.

வேலை என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். தாலாட்டும் ஒரு தொழிற்பாட்டு. ஏற்றம் இறைப்பவனுடைய பாட்டைத் தொழில் பாடல் என்று வகைப்படுத்திய நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள், தொட்டில் ஆட்டுகிறவளுடைய பாட்டைத் தனியாக எடுத்துத் தாய்மை என்கிற பீடத்தில் வைத்துவிட்டார்கள். பகலெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்தவள், ஒரு கையால் தூளிக் கயிற்றை இழுத்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் பாடுகிற பாட்டு அது. இறைப்பவனுக்கு நீர் வந்தால் வேலை முடியும். இவளுக்குப் பிள்ளை தூங்கினால் முடியும். பீடத்தில் ஏற்றியதால் என்ன ஆனது என்றால், அது உழைப்பு என்பதே மறைந்துபோனது. உழைப்பு என்றால் பங்கு கேட்கலாம், பீடத்தில் இருப்பதற்குப் பங்கு கேட்பார் உண்டா?

வகைமையின் அதிகாரம் இன்னொரு வேலையும் செய்தது. தாலாட்டும் ஒப்பாரியும் பெண்களுடையவை என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகிற சேகரிப்பாளர், ஆண்களிடம் அதைக் கேட்கமாட்டார். நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு திண்ணையில் கிடக்கிற ஆண் எதையாவது முனகத்தான் செய்கிறான். அது பாதி ஏற்றப்பாட்டாக இருக்கும், எம்.ஜி.ஆர். படப் பாட்டாக இருக்கும், வெறும் ‘ம்ம்...ம்ம்’ ஆகவும் இருக்கும். அதற்கு வகைமைப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் பதிவும் இல்லை, பதிவு இல்லாததால் ஆண் தாலாட்டியதே இல்லை என்கிறோம்.

வாய்மொழித் தாலாட்டில் தகப்பன் மங்கலாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பாட்டுகளில் நிறைந்திருப்பவன் மாமன். அழுகிற பிள்ளையிடம் உன்னை யார் அடித்தார்கள் என்று அத்தை, பாட்டி என்று வரிசையாக உறவுகளை விசாரணைக்கு இழுப்பாள். மாமன் கொண்டுவரும் கொலுசு, கிலுகிலுப்பை, தொட்டில், பட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணுவாள். இந்தப் பட்டியல் வெறும் அலங்காரம் அன்று. புருஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, மாமியார் காதுபட, தன் பிறந்த வீட்டின் மதிப்பை ஒருத்தி நிறுவுகிறாள். சீர் வராவிட்டால் அண்ணனுக்கும் அதில் சூடு உண்டு. கேட்பது கைக்குழந்தைதானே என்பது அவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு. சொல்லப்போனால், பகலில் பேச வாயில்லாத மருமகள் ராத்திரியில் கூட்டுகிற பஞ்சாயத்து அது. அங்கே புருஷன் ஓரத்தில் நிற்பதற்குப் பாசம் குறைவு காரணமில்லை. பெரும்பாலும் அவன் பிரதிவாதி.

ஆகவே தகப்பனும் பாட வேண்டும் என்று கேட்பது அவ்வளவு எளிய முற்போக்குக் கோரிக்கை அல்ல. பெண்ணுக்கு இருந்த ஒரே மேடையில் அவன் வந்து மைக்கைப் பிடுங்குகிறானா, தூளிக் கயிற்றைக் கையில் வாங்குகிறானா என்று பார்க்க வேண்டும்.

நவீன கவிதையில் இந்தப் பிரச்சினை பாதி வழியில் நின்றுவிட்டது. பாரதிக்கு இரண்டு பெண்கள். கண்ணன் பாட்டில் கண்ணம்மாவைக் குழந்தையாக்கிப் பாடிய பாட்டில் முதல்முறையாக ஒரு தகப்பனின் உடம்புச் சூடு தெரிகிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொன்னது என்று மேலே ஒரு போர்வை போர்த்தப்பட்டிருக்கிறது. பாரதிதாசன் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் தனித்தனியே தாலாட்டு எழுதினார். தெய்வத்தைத் தொட்டிலிலிருந்து இறக்கியது பெரிய காரியம். என்றாலும், குழந்தையைத் தூங்கவைப்பதைவிட நாட்டை எழுப்புவதில்தான் அவற்றுக்கு அக்கறை அதிகம். பாடுவது இயக்கத்தின் குரல்.

தகப்பனாகவே நின்று பாடுகிறவன் சினிமாவில் வந்து சேர்கிறான். மூன்று படங்களை எடுத்துக்கொள்வோம். ‘தெய்வத்திருமகள்’ (2011) படத்தில் மனவளர்ச்சி குன்றிய தகப்பன், தாய் பிரசவத்தில் இறந்துபோகிறாள். ‘தங்க மீன்கள்’ (2013) படத்தில் வேலை நிலைக்காத, தன் அப்பாவின் கையை எதிர்பார்த்து நிற்கிற தகப்பன். ‘விஸ்வாசம்’ (2019) படத்தில் பிரிந்துபோன மனைவியிடம் வளரும் மகளுக்கு, அப்பன் என்று சொல்லாமலே காவல் நிற்கிறவன். மூன்று பேரும் முழு ஆண் என்று சமூகம் எழுதிவைத்த கணக்கில் ஏதோ ஒரு பற்று விழுந்தவர்கள். புத்தி, சம்பாத்தியம், குடும்பத் தலைமை இவற்றில் ஒன்று குறைந்தால்தான் ஆணின் தொண்டையிலிருந்து தாலாட்டு வரும் போலிருக்கிறது. மூன்றிலும் பிள்ளை பெண். மகனைத் தாலாட்டத் தகப்பனுக்கு இன்னமும் அனுமதி கிடைத்தபாடில்லை.

இதில் ‘விஸ்வாசம்’ படப் பாட்டை எழுதியவர் தாமரை என்பது சுவாரசியமான விஷயம். ஆழ்வார் தாயின் குரலை எடுத்துக்கொண்டார்; இங்கே ஒரு பெண் கவிஞர் தகப்பனின் குரலை எழுதிக்கொடுக்கிறார். ஆணுக்கென்று இல்லாத ஒரு மொழியைப் பெண் தயாரித்து அவன் வாயில் வைக்க வேண்டியிருக்கிறது. ‘தங்க மீன்கள்’ படத்துப் பாட்டுக்காக நா. முத்துக்குமார் தேசிய விருது பெற்றார். அந்தப் படத்தில் என்னைத் தொந்தரவு செய்வது பாட்டைவிட நாய்க்குட்டி. விளம்பரத்தில் பார்த்த நாய் வேண்டும் என்கிறாள் மகள். அதற்கான பணத்துக்கு அப்பன் அலைகிறான். பாடியது போதவில்லை, பொருளாக நிரூபிக்க வேண்டும். நாட்டார் பாட்டில் சீர் செய்யும் கடன் மாமனுக்கு இருந்தது; அது இங்கே சந்தை வழியாகத் தகப்பன் தலையில் இறங்குகிறது. அந்த அவமானத்தை அந்தப் படம் நேர்மையாகவே காட்டியது.

இங்கே பாட்டுக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். தாலாட்டு, கேட்பவர் நம்மை விட்டுப் போவதற்காகப் பாடப்படும் பாட்டு. பிள்ளை தூக்கத்துக்குள் போய்விட வேண்டும், பாடினவர் இந்தப் பக்கம் தனியாக மிஞ்ச வேண்டும். அப்போதுதான் பாட்டு பலித்தது என்று அர்த்தம். நினைவுப்பொருள் இதற்கு நேர் எதிர். விழுந்த பால்பல், காலுக்குச் சேராமல் போன கொலுசு, மாவில் பதித்த பிஞ்சுக் கை இவை போய்விட்டதைப் போகாமல் பிடித்துவைக்கின்றன. இதில் தப்பு ஒன்றுமில்லை; தொப்புள்கொடியைத் தாயத்துக்குள் அடைத்து வைத்த ஜனங்கள்தான் நாம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பிள்ளையையே நினைவுப்பொருளாக ஆக்கும்போது வருகிறது. மகள் படத்தை ஓடவிட்டுப் பின்னால் இந்தப் பாட்டைப் போட்டு வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிற தகப்பன்மார் அநேகம். அவர்களுடைய பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டு மகளைத் தூங்க அனுப்புகிறதா, ஐந்து வயதிலேயே நிறுத்திவைக்கிறதா?

இந்தக் கேள்வி ரசனை பற்றியது மட்டுமல்ல. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. தலித் இளைஞர் இளவரசனைத் தன் விருப்பப்படி மணந்துகொண்ட ஒரு பெண்ணின் தகப்பன் தற்கொலை செய்துகொண்டதை ஒட்டி அந்தத் தீ வைக்கப்பட்டது. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். ‘தங்க மீன்கள்’ வெளியானது அடுத்த மாதம். படத்தின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. ஒரே பருவத்தில் இரண்டு தகப்பன்கள் நம் முன் நின்றார்கள் என்பதைச் சொல்கிறேன். ஒருவன் மகளுக்காகப் பாடினான். இன்னொருவனுடைய துயரம் சாதிக்கு எரிபொருளானது. ‘நாடகக் காதல்’ என்ற பிரச்சாரம் முழுக்கத் ‘தூக்கி வளர்த்த தகப்பன்’ என்கிற கதையாடலின் மேல் நிற்கிறது. தொட்டிலில் பாடியதற்கான கூலியாக மகளின் வாழ்க்கையைக் கேட்கிற கதையாடல் அது. சாதிக்குப் பாசம் ஆகாது என்று யார் சொன்னது? தன் பெண்ணை உயிராய் நேசிக்கிற தகப்பன்தான் சாதிக்கு வேண்டிய ஆள்.

தகப்பன் பாடட்டும். பாடுவதோடு எழுந்து ஈரத் துணியையும் மாற்றட்டும். பெண்டாட்டியின் வழக்கைத் தன் பாட்டால் அமுக்காமல் இருக்கட்டும். நம் சேகரிப்பாளர்கள் ஆண்களிடமும் போய், ராத்திரியில் என்ன முனகுகிறாய் என்று கேட்டுப் பதியட்டும். எழுதுகிறவர்களுக்கு வேறொரு வேலை பாக்கி இருக்கிறது. தகப்பன் மகளை எப்படிப் பார்த்தான் என்று நிறையக் கேட்டுவிட்டோம். பாரதியின் மகள் சகுந்தலா ‘என் தந்தை’ என்று ஒரு புத்தகம் எழுதினார். தொட்டிலில் கிடந்தவள் வளர்ந்து, தன்னைத் தூக்கியவனைப் பற்றித் தானே சொல்வது அது. அப்பனின் பாட்டில் தனக்கு எது மிஞ்சியது, எது கழுத்தை இறுக்கியது என்று இன்றைய மகள்கள் எழுதும்போது, இந்த வகைமை பற்றி நாம் இதுவரை சொன்ன பலவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டி வரும்.