நேரம் குறைந்தது யாருக்கு?

பாட அட்டவணை என்பது பள்ளிச் சுவரில் ஒட்டிய வெறுந்தாளன்று, தோழர்களே! யாருக்கு எவ்வளவு அறிவு என்று அளந்து ஊற்றும் படி அது. அந்தப் படியிலும் குலம் பார்க்க முடியும் என்பதை 1953-ஆம் ஆண்டு காட்டிற்று.

அன்று சென்னை மாநில முதலமைச்சராயிருந்த ஆச்சாரியார், தொடக்கப்பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு ஐந்து மணியிலிருந்து மூன்று மணியாக்கினார். ஒரு வேளை படிப்பு. மறு வேளை தந்தையின் தொழில். பள்ளியும் ஆசிரியரும் போதவில்லை, இருவேளை முறையால் மேலும் பலரைச் சேர்க்கலாம் என்பது அவர் தரப்பு வாதம். பற்றாக்குறை மெய்தான், மறுக்க மாட்டோம். ஆனால், அதன் சுமை யார் தலையில் ஏற்றப்பட்டது?

திட்டம் நகராட்சிகளைத் தொடவில்லை. கடலூரும் சிதம்பரமும் அன்று நகராட்சிகளாயிருந்தன. அங்குள்ள பிள்ளைக்குப் பழைய நேரமே. எல்லைக்கு அப்பால் ஏர் பிடித்தவன் பிள்ளைக்கும் வலை வீசியவன் பிள்ளைக்கும் மூன்று மணி! தில்லைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது, கல்விதான் எட்டவில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். பள்ளி நாட்கள் மாறவில்லை எனக் கொண்டால், ஐந்தாண்டு படித்த சிற்றூர்ச் சிறுவன், நகரத்துச் சிறுவனின் மூன்றாண்டுப் படிப்பையே பெறுவான். தமிழிலா, கணக்கிலா, எதில் வெட்டினாலும் வெட்டு வெட்டுதான். படித்த தந்தை வீட்டில் ஈடு செய்வார். எழுத்தறியாத் தந்தை எதைக் கொண்டு ஈடு செய்வார்? பிறர் நிலத்தில் கூலிக்கு உழைப்பவரிடம் மகன் கற்கும் தொழில், அந்தக் கூலி வேலையே அன்றோ?

அதே சிதம்பரத்தில் 1916-இல் நந்தனார் பள்ளி கண்டவர் சுவாமி சகஜானந்தர். தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அவர் திறந்த கதவை, கடிகார முள்ளால் சாத்தப் பார்த்தது இத்திட்டம்.

பெரியாரின் கழகமும் தி.மு.க.வும் பொங்கியெழுந்தன. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார்; காமராசர் வந்தார்; திட்டம் மடிந்தது.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் என்று வரையறுத்தது. அதாவது நாளுக்கு நான்கு மணி. நகரென்றும் சிற்றூரென்றும் அது பிரிக்கவில்லை. வெற்றிதான்! ஆயினும் சட்டத்தின் மணி வேறு, வகுப்பறையின் மணி வேறு. ஆசிரியர் வேறு பணிக்கு அழைக்கப்படும் நாளில் குறைவது எந்தப் பிள்ளையின் நேரம்?

அதே சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்குத் தந்துள்ளது. இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பெற்றோரை அக்குழுவில் பேசச் செய்யுங்கள். அட்டவணையைக் கேளுங்கள், அதன்படி நடக்கிறதா என்றும் கேளுங்கள்!