ரசிகர் என்கிற ஊர்

"ஊர் ஒத்துக்காது." விழுப்புரம் மாவட்டத்துச் சேரிகளில் பிறந்த எவருக்கும் இந்த வாக்கியத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேர் ஏன் நம்ம தெருவுக்கு வராது? ஊர் ஒத்துக்காது. பிணத்தை ஏன் அந்த வழியா எடுத்துட்டுப் போகக் கூடாது? ஊர் ஒத்துக்காது. சொல்கிறவர் தன் தலைமேல் எதையும் ஏற்றிக்கொள்வதில்லை. அவருக்கு ஆட்சேபணை இல்லையாம், ஊருக்குத்தானாம். இதே வாக்கியம் அமெரிக்க விஞ்ஞானக் கதை உலகத்தில் 'ரசிகர்கள் ஒத்துக்க மாட்டார்கள்' என்று புழங்கிவந்திருக்கிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே பறக்கிற கப்பல்களைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு எதற்குப் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இதுதான்.

ஒரு தொடர் ஓடிப் பேர் வாங்கிய பிறகு, அதே உலகத்தில் வேறு ஆட்களை வைத்து எடுக்கப்படுவது கிளைத்தொடர். இது நமக்குப் புதுசு இல்லை. பாரதம் என்ற பெருங்கதையிலிருந்து எத்தனை கிளைகள்! செஞ்சி ராஜாவுக்கு ஆபத்து வந்தபோது திரௌபதி இரண்டாம் முறையாகத் தீயிலிருந்து பிறந்து வந்தாள் என்று மேலச்சேரிப் பக்கம் கதை சொல்கிறார்கள். போத்துராஜாவும் முத்தால ராவுத்தனும் அவளுக்குக் காவல். இவர்களை வியாசர் எழுதவில்லை. 'மூலத்துல இல்லையே' என்று எந்தக் கூத்து மேடை முன்னாலும் யாரும் எழுந்து நின்று சண்டை பிடித்ததில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

1966-இல் அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடங்கியது. அதில் உஹூரா என்ற கப்பல் அதிகாரியாக நடித்தவர் நிஷெல் நிக்கோல்ஸ், கறுப்பினப் பெண். முதல் வருஷத்தோடு விலகிவிட நினைத்தார். மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, தான் அந்தத் தொடரின் ரசிகன் என்று சொல்லி, விலகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். 2022-இல் இறந்துபோன நிக்கோல்ஸ் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ரசிகர் என்ற சொல்லுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருந்தது: வெளியே போகிறவரைக் கையைப் பிடித்து நிறுத்துகிறவர்.

இன்னோர் அர்த்தமும் அதே காலத்தில் இருந்தது. சாமுவேல் டிலேனி என்ற கறுப்பின எழுத்தாளர் 'நோவா' என்ற நாவலை எழுதினார். அதைத் தொடராக வெளியிடக் கேட்டபோது, அன்றைய விஞ்ஞானக் கதை உலகின் பெரிய பத்திராதிபரான ஜான் காம்ப்பெல் மறுத்துவிட்டார். கறுப்பர் நாயகனாக இருந்தால் தன் வாசகர்களால் ஒட்ட முடியாது என்று டிலேனியின் ஏஜென்டிடம் சொன்னாராம். நாவல் 1968-இல் புத்தகமாக வந்தது. யோசித்துப் பாருங்கள், வேற்றுக் கிரகத்துக்காரனோடு ஒட்ட முடிகிற வாசகருக்கு பக்கத்துத் தெருக்காரனோடு ஒட்ட முடியாது! அந்த வாசகரை யாரும் கேட்கவில்லை. அவர் பேரால் கதவு சாத்தப்பட்டது, அவ்வளவுதான்.

இந்தப் பின்னணியில்தான் 1993-இல் வந்த டீப் ஸ்பேஸ் நைன் என்ற கிளைத்தொடரை வாசிக்க வேண்டியிருக்கிறது. 1999 வரை ஏழு பருவங்கள் ஓடியது. ஸ்டார் ட்ரெக் வரிசையில் கறுப்பர் ஒருவர் தலைமைப் பாத்திரமாக வந்தது இதில்தான்: பெஞ்சமின் சிஸ்கோ, நடித்தவர் ஏவரி புரூக்ஸ். முன்னால் வந்த இரண்டு தொடர்களின் தலைவர்களும் முதல் நாளிலிருந்தே காப்டன்கள். சிஸ்கோ மட்டும் கமாண்டர். காப்டன் பட்டம் கிடைக்க 1995 வரை, மூன்று பருவங்கள், காத்திருந்தார். நம்ம ஆள் நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேருக்கு முன்னால் 'பொறுப்பு' என்று ஒரு சொல்லை ஒட்டிவைப்பார்களே, அதுபோல.

கதை நடக்கிற இடம் கப்பல் அல்ல, ஒரு நிலையம். பேஜோர் என்ற கிரகத்தை அரை நூற்றாண்டு ஆக்கிரமித்த கார்டேசியர்கள், பேஜோர் மக்களை அடிமை வேலை வாங்கிய இடம். ஆக்கிரமிப்பு முடிந்த பிறகு அதே இடத்தில், அடிமைப்பட்டவர்களும் வந்தவர்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். செஞ்சிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். கோன்கள், நாயக்கர், பீஜப்பூர்க்காரர், 1677-இல் மராத்தியர், 1698-இல் முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டையின் கீழே வாழ்கிறவர்கள் நாம். 1714-இல் செத்த தேசிங்குக்குப் பாட்டு உண்டு, அவன் குதிரைக்கும் பாட்டில் இடம் உண்டு. ராஜகிரிமேல் கல் சுமந்தவனுக்கு இல்லை. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்தபோதும் அது ராணுவப் பெருமையாகத்தான் சேர்ந்தது.

டீப் ஸ்பேஸ் நைனுக்கு ரசிகர்கள் எப்படி எதிர்வினை செய்தார்கள்? பழைய ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. கப்பல் இல்லை, எங்கேயும் போகவில்லை, ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, இருட்டாக இருக்கிறது, மதம் பேசுகிறது, இது ஸ்டார் ட்ரெக்கே இல்லை என்றார்கள். 2019-இல் இந்தத் தொடரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில் நடிகர்களே அந்தத் திட்டுக் கடிதங்களை வாசித்துக் காட்டுகிறார்கள். அந்தப் படத்துக்குப் பணம் போட்டதும் ரசிகர்கள்தான். இந்தக் குறைகள் எல்லாமே நிறவெறி என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அது விமர்சனம் ஆகாது. ஆனால் அந்தக் குறைக்குள் இருக்கிற பார்வையைக் கவனிக்க வேண்டும். கப்பல் வைத்திருப்பவன் ஒரு கிரகத்தில் இறங்குவான், அங்குள்ள அநியாயத்தைப் பார்ப்பான், ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வாரம் வேறு கிரகம் போவான். ஒடுக்கப்பட்டவர்கள் அவனுக்கு ஒரு வாரத்து விருந்து. நிலையத்தில் இருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. நேற்று அடித்தவனோடும் அடிபட்டவனோடும் நாளைக்கும் முகம் கொடுத்தாக வேண்டும். 'எங்கேயும் போகவில்லை' என்பது போக முடிந்தவனின் அலுப்பு. சேரிக்கு வந்து படம் பிடித்துவிட்டு சாயங்காலம் பஸ் ஏறுகிறவர்களை நாம் பார்க்காததா?

1998 பிப்ரவரியில் வந்த 'ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்' என்ற எபிசோடை ஏவரி புரூக்ஸே இயக்கினார். டிலேனிக்கு நடந்ததை அறிந்தவர்களுக்கு அது வெறும் கற்பனையாகப் படாது. 1953, நியூயார்க். பென்னி ரஸ்ஸல் என்ற கறுப்பர் விஞ்ஞானக் கதைப் பத்திரிகை ஒன்றில் எழுதுகிறார். வாசகர்கள் எழுத்தாளர்களின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று போட்டோ எடுக்க ஏற்பாடாகிறது. பென்னியும், பெண் என்று தெரியாமலிருக்க வேறு பேரில் எழுதுகிற இன்னொருவரும் அன்றைக்கு வராமலிருப்பது நல்லது என்று சொல்லப்படுகிறது. பென்னி கறுப்பினக் காப்டனை வைத்து ஒரு விண்வெளி நிலையத்தின் கதையை எழுதுகிறார். ஆசிரியர் போட மறுக்கிறார். அதை ஒரு கனவாக மாற்றினால் போடலாம் என்கிறார். மாற்றி எழுதிக் கொடுத்த பிறகும், முதலாளி அந்த இதழ் முழுவதையும் அழித்துவிடுகிறார். கனவாகக்கூட வரக் கூடாது! பென்னி உடைந்து விழுகிற காட்சியை நம்ம பிள்ளைகள் பார்க்க வேண்டும். கதை நிராகரிக்கப்படுவது என்றால் என்ன என்று எழுதுகிறவர்களுக்கு அது தெரிவிக்கும்.

அதற்காக இந்தத் தொடரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. 1996-இல் வந்த 'அக்செஷன்' என்ற எபிசோடு நேராகச் சாதியைப் பற்றியது. பேஜோரில் முன்பு குலத்தொழில் முறை இருந்ததாம். ஆக்கிரமிப்புக் காலத்தில் எல்லோரும் போராளி ஆனதால் அது போய்விட்டதாம். இருநூறு வருஷம் முந்தைய ஒரு பெருங்கவிஞன் திரும்பி வந்து, தன்னைத் தெய்வத் தூதன் என்று அறிவித்து, பழைய முறையைக் கொண்டுவரச் சொல்கிறான். சாதியைத் திரும்பக் கொண்டுவருகிறவன் கவிஞன் என்று காட்டியதற்காக எழுதியவர்களைப் பாராட்டலாம். சாதிப் பாகுபாடு உள்ள உலகத்துக்குக் கூட்டமைப்பில் இடமில்லை என்று சிஸ்கோ எச்சரிப்பதும் நன்று. ஆனால் யார் கண்ணால் பார்க்கிறோம்? மேஜர் கீரா கலைஞர் குலத்தில் பிறந்தவள். சிற்பம் செய்யத் தெரியாமல் தவிக்கிறாள். அவளுடைய அவஸ்தை நமக்கு விரிவாகக் காட்டப்படுகிறது. பிணத்தைத் தொடுகிற குலம், தீட்டு என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து குருவான ஒருவரை, பதவியை விட மறுத்ததற்காக இன்னொரு குரு கொல்கிறார். அந்தக் கொலையானவர் நமக்குப் பிணமாகத்தான் அறிமுகம். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனிதரை மேல்கீழாகப் பிரிப்பது வேறு என்று 1936-லேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். தொடர் முதலாவதில் நின்றுவிட்டது. முடிவில் தெய்வங்களே தலையிட, கவிஞன் தன் காலத்துக்குத் திரும்பிப் போய் பாதியில் நின்ற கவிதையை முடிக்கிறான். சாதியும் போய்விடுகிறது. முக்கால் மணி நேரத்தில்! கவிதை முடிந்தது சரி, செத்தவர் கணக்கு?

இதையெல்லாம் பழைய கதை என்று விட முடியவில்லை. 2022 மே மாதம் ஸ்டார் வார்ஸ் படங்களின் கிளைத்தொடராக 'ஓபி-வான் கெனோபி' வந்தது. அதில் ரேவா என்ற பாத்திரத்தில் நடித்த கறுப்பினப் பெண் மோசஸ் இங்ரமுக்கு, தொடர் வெளியான சில நாட்களுக்குள் இனவசைகளும் மிரட்டல்களும் குவிந்தன. அவர் அவற்றைப் பொதுவில் எடுத்துக் காட்டினார். நாயகன் ஈவான் மக்கிரெகர் அவருக்காகப் பேசினார், கம்பெனியும் ஆதரவு தெரிவித்தது. ஆனால் இப்படி நடக்கும் என்று கம்பெனியே முன்கூட்டித் தன்னிடம் சொல்லியிருந்ததாக இங்ரம் கூறியிருக்கிறார். மழை வரும், குடை எடுத்துக்கோ என்பது மாதிரி. வசையை வானிலையாக ஏற்றுக்கொண்ட பிறகு கொடுக்கிற ஆதரவு எவ்வளவு தூரம் வரும்? அந்தத் தொடரின் கதை தொய்வு, சண்டை சுமார் என்று சொல்லுங்கள், அது விமர்சனம். குறை கதையின்மேல் இருக்கிறதா, பிறப்பின்மேல் இருக்கிறதா என்பதுதான் உரைகல்.

அமெரிக்காக்காரன் அப்படித்தான் என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. 2023-இல் மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வந்தபோது, சாதி வெறியனாகக் காட்டப்பட்ட ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து வீரனாகச் சுற்றவிட்டார்கள். அங்கே ரசிகர் ஆளைத் துரத்தினார், இங்கே கதையையே களவாடினார்.

இப்போது மேலச்சேரிக் கதைக்குத் திரும்புவோம். 'மூலத்தில் இல்லை', 'மரபு கெடுகிறது' என்பவர்கள், எட்டுக் கால் பிராணி கப்பல் ஓட்டினால் ஏற்கிறார்கள். இறந்தவன் ஆவியாக வந்து பேசினால் கை தட்டுகிறார்கள். வியாசர் எழுதாத போத்துராஜாவை ஏற்ற ஊர் அது. அப்படியானால் மூலம் எப்போது ஞாபகம் வருகிறது? வரக் கூடாதவன் வரும்போது மட்டும். இதே மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் தலித்துகள் நுழைந்ததற்கு அடி விழுந்தது. ஜூன் 7-இல் கோயிலுக்கு சீல் வைக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 17-இல் போலீஸ் காவலோடுதான் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. தீயில் பிறந்தவளின் கதை எல்லோருக்கும் பொது, அவள் வாசற்படி மட்டும் பொது இல்லை. மரபு என்று சொல்லப்படுவது கதையைக் காப்பதற்கு அல்ல, படியைக் காப்பதற்கு.

எழுத வருகிற நம்ம பிள்ளைகளிடம் பத்திரிகைகள் என்ன கேட்கின்றன? பசியை எழுது, அடிபட்டதை எழுது. அதை எழுதத்தான் வேண்டும், எழுதுவோம். ஆனால் நிலவுக்குக் கப்பல் விடுகிற கதையை எழுதிக்கொண்டு போனால், 'இது உங்க எழுத்து மாதிரி இல்லையே, வாசகர் எதிர்பார்க்க மாட்டாங்களே' என்கிற பதில் வரும். நம்ம ஆட்களிலேயே சிலர், போராட்ட நேரத்தில் ராக்கெட் எதற்கு என்பார்கள். வருங்காலத்தில் யார் இருப்பார்கள் என்று எழுதுவதும் நிலப் பிரச்சினைதான் தோழர்களே. அங்கேயும் பட்டா போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காம்ப்பெல் சொன்ன வாசகரை யாரும் பார்த்ததில்லை, டிலேனியின் நாவலை இன்றைக்கும் வாசிக்கிறார்கள். ஊர் ஒத்துக்காது என்று அடுத்த முறை யாராவது சொன்னால், கையெழுத்துப் பிரதியைச் சுருட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். எந்த ஊர், அதில் நாங்க இல்லையா என்று கேளுங்கள்.